சகோதரங்கள் பட்டியல்

ஒரு மாறிக்கு முன்னால் அதன் வகையை எழுதவேண்டுமா, வேண்டாமா என்று நானும் அவளும் பதினாறு வருடம் சண்டை பிடித்தோம். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சண்டை பிடிக்க வேறு விஷயமா இல்லை? ஹீற்றரை இருபதில் விடுவதா இருபத்துநாலில் விடுவதா என்று ஒன்று. அலுமாரிக் கதவைத் திறப்பவள் ஏன் அதைத் திரும்பச் சாத்துவதில்லை என்று இன்னொன்று. அவற்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி ஊற்றிவைத்துக்கொண்டு, ஆற அமர இருந்து பிடித்த சண்டை இது ஒன்றுதான்.

விஷயம் பெரிதல்ல. கணினி நிரலில் லூப் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்து, எல்லோருக்கும் ஒரே வேலையைச் செய்வது. பந்தியில் சோறு போட்டுக்கொண்டு போவது மாதிரி. எந்த நேரத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவரை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும், அதுதான் மாறி. அந்த மாறியில் இருப்பது எண்ணா, எழுத்தா, ஆளா என்பது மொழிக்குத் தெரிந்தாகவேண்டும். நான் எழுதும் மொழியில் அதற்கு இரண்டு வழி. வகையை நாமே முன்னால் எழுதிவிடலாம். அல்லது ‘வார்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அப்போது மொழி பட்டியலைப் பார்க்கும். எண்களின் பட்டியல் என்றால் மாறியும் எண். ஆட்களின் பட்டியல் என்றால் மாறியும் ஆள். பட்டியல் எதுவோ, அதற்குள்ளிருந்து வருவதும் அதுதான்.

நான் எழுதுகிற கட்சி. எதையும் வெளியாகச் சொல்லிவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை என்பது என் குணம். அவள் மற்றக் கட்சி. “பட்டியலே சொல்லுதெல்லே, பேந்தேன் நீயும் நிண்டு கத்துறாய்?” என்று கேட்பாள். சோம்பேறித்தனத்துக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறாள் என்று நான் சொல்வேன். தேத்தண்ணி ஆறிவிடும். அவள் எழுந்து போய்ச் சீனி எடுப்பாள். அலுமாரிக் கதவு திறந்தபடி கிடக்கும்.

அவளை நான் சந்தித்தது கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில், நிரல் எழுதும் வகுப்பில். இருவருக்கும் முப்பது கடந்திருந்தது. எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். நான் கலியாணம் செய்யாமல் வந்தவள். அவள் செய்து, அது சரிவராமல், ஒரு சூட்கேசோடு வெளியே வந்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். இரண்டு பேரும் மல்வேர்னில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்துபோனோம். மூன்றாவது மாதம் சேர்ந்து ஒரு பேஸ்மென்ட் பார்க்கப் போனோம்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றார். தனித்தனிப் பெண்கள் என்றால் ஆட்கள் வருவார்கள், போவார்கள், கரைச்சல் என்றார். நான் வாயைத் திறக்கமுதல் அவள், நாங்கள் அக்கா தங்கச்சி என்று சொல்லிவிட்டாள். அவர் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் நல்ல உயரம், மாநிறம். நான் கட்டை, கறுப்பு. “அக்கா அப்பாவைப் போலை,” என்றாள். அவர் திறப்பைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் அக்கா. அவர் படியேறி மேலே போனதும் பழையபடி “இஞ்சை” என்றுதான் கூப்பிடுவாள்.

நான் அதைப் பொய் என்றே வைத்திருந்தேன். தேவைக்குச் சொன்ன பொய். நம் சனத்துக்கு அது பெரிய விஷயமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் அண்ணை, மரக்கறிக் கடையில் காசு வாங்குபவர் அன்ரி. யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அவளுடைய அம்மா சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுப்பார். அங்கே விளக்கு வைக்கும் நேரம், எங்களுக்குக் காலை. அவளோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு, “மூத்தவள் எங்கை?” என்று கேட்பார். அவள் போனை என் பக்கம் திருப்புவாள். நான் வணக்கம் சொல்வேன், அவர் சாப்பிட்டியா என்று கேட்பார். வாய்க்கு வந்த முறையில் கூப்பிடுகிறார் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் என்னைவிடக் கூடிய புள்ளி அவளுக்குத்தான். ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள். ஐந்து பாஷையில் கெட்ட வார்த்தை பழகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். நான் அலுவலகத்துக்குப் போனேன். பேஸ்மென்டிலிருந்து சில வருடத்தில் ஒரு டவுன்ஹவுஸுக்கு மாறினோம். வாடகைப் பத்திரத்திலும் சகோதரிகள் என்றே எழுதினாள். இனி இந்தப் பொய் தேவையில்லையே என்றேன். அவள் பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் கலியாண அட்டை அடிக்கும் ஒருவர் இருந்தார். மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரும் அவர்தான் செய்வார். எங்கள் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அருமைத் தாயாரும், இன்னாரின் மைத்துனியும் என்று ஒரே வசனம் ஒரு முழம் நீளத்துக்குப் போகும். செத்தவரைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்காது. யார் யாருக்கு அவர் என்னவாக இருந்தார் என்பது மட்டும் இருக்கும். அதை ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்து அவருக்குக் கை நொந்துவிட்டது. ஒரு நிரல் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். பெயர்களைப் போட்டால் வசனத்தை அது கட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒரு கிழமையில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரே பட்டியல். அதில் எல்லோரும். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் முறை. லூப்பில் மாறிக்கு முன்னால் ‘உறவினர்’ என்று என் கையால் வகை எழுதினேன். இந்த இடத்தில் அந்த மொழியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பட்டியல் பலவகையும் கலந்ததாக இருந்தால், நாம் எழுதும்போது அது ஒன்றும் சொல்லாது. நீ சொன்னால் சரி என்று விட்டுவிடும். ஓடும்போதுதான் வருகிற ஒவ்வொருவரையும் நாம் எழுதிய வகைக்குள் நெரித்துப் பார்க்கும். நெரிபடாத ஒருவர் வந்தால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்து நின்றுவிடும். விழுந்தாலும் அதுவரை சேர்ந்ததை அச்சுக்கு அனுப்பட்டும் என்று நான் வேறு கெட்டித்தனமாக எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மகன் தன் தகப்பனின் அறிவித்தலில், தகப்பனோடு நாற்பது வருடம் கடை வைத்திருந்த ஒருவரை ‘நண்பர்’ என்று இடையில் சேர்த்துவிட்டான். லூப் அவரிடம் வந்து விழுந்தது. அவருக்குப் பின்னால் நின்ற ஐந்து மைத்துனர்மாரும் அச்சில் இல்லை. ஐந்து பேரும் பெண் பகுதி. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு ஒருவரும் வரவில்லையாம். அட்டைக்காரர் எனக்குப் போன் எடுத்து, “தங்கச்சி, உங்கடை மெஷின் ஒரு குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டுது,” என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா சுவரில் தட்டினார். சிரித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நிரலை முழுக்க வாசித்தாள். பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, சகோதரங்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியல் வை என்றாள். “எந்தப் பட்டியலிலை நிக்கினமோ, அதுதான் அவை. நீ ஒண்டும் சொல்லாதை.” எனக்கு ரோசம். ஆனால் அப்படித்தான் மாற்றி எழுதினேன். ஒவ்வொரு லூப்பிலும் ‘வார்’ போட்டேன். அதற்குப் பிறகு ஒரு அறிவித்தலிலும் பிழை வரவில்லை. இதை நான் அவளிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்ள ஆளில்லை.

அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னது போன பனிக்காலத்தின் தொடக்கத்தில். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நீங்கள் யார் என்று கேட்ட இடமெல்லாம் சகோதரி என்று எழுதினேன். யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. அவள் தம்பி விட்பியில் இருக்கிறான். புது வீடு, இரண்டு பிள்ளை, தூர வேலை. வருடத்தில் மூன்று நான்கு தரம் வருவான். நல்ல பிள்ளை. வருத்தம் வந்தபிறகு ஞாயிறு தவறாமல் வந்து, கட்டில் கரையில் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்துவிட்டுப் போவான். மற்றத் தம்பி பாரிஸில்.

ஒரு பின்னேரம் என் லாப்டொப்பைக் கேட்டு வாங்கினாள். தன்னுடைய அறிவித்தலைத் தானே போட்டு வைக்கப்போவதாகச் சொன்னாள். நீ பதற்றத்தில் ஏதாவது பிழைவிடுவாய் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்கு விசர் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்த பனியைச் சுரண்டினேன். சுரண்ட அங்கே பனியே இருக்கவில்லை. திரும்பி வந்தபோது லாப்டொப் மூடிக் கிடந்தது, அவள் தூங்கியிருந்தாள். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டால் தேவை வராது என்று நம்பினேன். படித்தவள்தான் நான்.

தேவை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தபோது. அன்று மத்தியானம் தம்பி அறிவித்தலைப் பற்றிக் கேட்டான். ஆயத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி, அவள் போட்டு வைத்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் அவனுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் வாசித்தேன். பெற்றோர் சரி. கணவர் என்ற பட்டியலை வெறுமையாக விட்டிருந்தாள். சகோதரங்கள் பட்டியலில் மூன்று பெயர். வயதின்படி எழுதுவதுதானே வழக்கம். முதலாவது பெயர் என்னுடையது.

மாறிக்கு முன்னால் எந்த வகையும் எழுதாத என் லூப் அந்தப் பட்டியலைப் பார்த்தது. அதில் நின்றவர்கள் சகோதரங்கள். ஆகவே இன்னார், இன்னார், இன்னாரின் பாசமிகு சகோதரியும் ஆவார் என்று வசனம் கட்டி வைத்திருந்தது. நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அவள் போனபிறகு நான் அழுதது அப்போதுதான்.

ஒரு மணித்தியாலத்தில் தம்பி போன் எடுத்தான். அவன் குரலைக் கேட்டால் பத்துத் தரம் சொல்லிப் பழகிவிட்டு எடுத்தவன் மாதிரி இருந்தது. “அக்கா, குறை நினைக்காதேங்கோ. சகோதரங்கள் எண்ட இடத்திலை உங்கடை பேரும் வந்திருக்கு. சொந்தக்காரர் பாத்தால் உது ஆரெண்டு கேப்பினம். அம்மாவுக்கும் என்னெண்டு விளங்கப்படுத்துறது?”

அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னான். அவனை நான் குறை சொல்லவில்லை. நமக்கு அது வெறும் வாய்ப்பழக்கம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தவள் நான்தானே. அவள் தன் கையால் எழுதியது அது என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். எதையும் வெளியாகச் சொல்லவேண்டும் என்று பதினாறு வருடம் வாதாடியவளுக்கு வாய் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் அவளுக்கு யார் என்று அவன் திருப்பிக் கேட்டால் என்னிடம் ஒரு பேஸ்மென்டுக்காகச் சொன்ன பொய்யைத் தவிர வேறு பதில் இருக்கவில்லை. “ஓம் தம்பி, புரோகிராம் பிழை போலை. எடுத்துவிடுறன்,” என்றேன். ஒரு பிழையும் இல்லாத நிரல்மேல் பழியைப் போட்டேன். நண்பர்கள் என்று கீழே ஒரு வரி போடுவோமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு பட்டியலை நான் அதில் எழுதியிருக்கவில்லை.

அவளுடைய பிரதியை அப்படியே வைத்துவிட்டு, இன்னொன்று எடுத்து அதில் என் பெயரை அழித்தேன். லூப் இரண்டு தரம் சுற்றி நின்றது. வசனத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. வாசிக்கும் ஒருவருக்கும் அங்கே ஒரு ஆள் இருந்தது தெரியாது.

செத்தவீட்டில் உரித்துக்காரரை முதலில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் முதியோர் இல்லத்து ஆட்களோடு நான்காவது வரிசையில் இருந்தேன். அவளோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, நீங்கள்தானே அவளுடைய அக்கா, ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். தலையிடி என்று சொன்னேன். உரித்துக்காரர் முடிந்து மற்றவர்களும் வரலாம் என்றபிறகு, மற்றவர்களோடு போய் நானும் அரிசி போட்டேன். அவளுடைய நெற்றி குளிர்ந்திருந்தது. வீட்டில் எப்போதும் ஹீற்றரை இருபத்துநாலில் விடச்சொல்லிக் கேட்பவள்.

பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று தெரியவில்லை. அலுவலகம் ஒரு கிழமை லீவு தந்தது. சகோதரி இறந்தால் எத்தனை நாளோ அத்தனை நாள். வீட்டில் அலுமாரிக் கதவுகளெல்லாம் ஒழுங்காகச் சாத்திக் கிடந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அது அவள் திறந்துவைத்தது மாதிரி இல்லை. அவள் திறந்தால் ஒன்று பாதியாக நிற்கும், ஒன்றில் துவாய் தொங்கும். பதினாறு வருடம் சாத்திச் சாத்தித் திரிந்தேனே, அவள் எந்தக் கதவை எவ்வளவு திறப்பாள் என்று ஒருநாளாவது நின்று பார்த்தேனா?

அவளுடைய போனை நான் நிறுத்தவில்லை. சார்ஜில் போட்டே வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை அது அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது. இந்த நம்பரை எடுத்தால் மகள் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? மறந்துபோய் எடுத்துவிட்டாரோ என்று பயந்தேன். எடுக்காமல் விடவும் முடியவில்லை.

“நீ எடுப்பாய் எண்டு தெரியும்,” என்றார். குரல் நொந்துபோய் இருந்தது. கண்ணில் வெண்புரை, எழுத்துத் தெரியவில்லை என்றார். பத்திரிகையில் வந்த அறிவித்தலைப் பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டினாளாம். இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். இரண்டு தரமும் அவள் ஒரே பிழையை விட்டாளாம்.

“பிள்ளையள் ரெண்டு பேரின்ரை பேரைத்தான் வாசிக்கிறாள். மூண்டு பேரெல்லோ. உன்ரை பேரை விட்டிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீ ஒருக்கா வாசி, கேப்பம்.”

தூரத்தில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. மேசையில் லாப்டொப் இருந்தது. அச்சில் வந்ததை நான் திறக்கவில்லை. அவள் எழுதி வைத்ததைத் திறந்தேன். ஒரு முழ நீள வசனத்தை முதலிலிருந்து வாசித்தேன். சகோதரங்கள் வரும் இடத்தில் என் பெயரை வாசித்தேன், பெரிய தம்பியின் பெயரை வாசித்தேன், சின்னவனின் பெயரை வாசித்தேன். பாசமிகு சகோதரியும் ஆவார் என்று முடித்தேன்.

“ஓம்,” என்றார் அம்மா. “இப்ப எல்லாரும் வந்திட்டினம்.”

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொருக்கா வாசி பிள்ளை,” என்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன்.